ஜூனியர் விம்பிள்டன் ஜெயித்தவர்கள் அப்புறம் எங்கே போகிறார்கள்?

தென்காசி_தினேஷ்

2025 விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் இறுதிப்போட்டித் தொகுப்பை இப்போதுதான் பார்த்து முடித்தேன். பல்கேரியாவின் இவான் இவானோவ் 6-2, 6-3 என்று அமெரிக்காவின் ரோனித் கார்க்கியைச் சுருட்டிவிட்டார். பையன் நன்றாகவே ஆடுகிறான். அந்தச் சூட்டோடு இதுவரை ஜெயித்தவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அங்கேதான் குழப்பம்.

1998 ஃபெடரர். சரி. 2004 மான்ஃபீல்ஸ், 2008 டிமிட்ரோவ், 2016 ஷபோவலோவ். இவர்களும் சரி. ஆனால் 1997 வெஸ்லி வைட்ஹவுஸ் யார்? 2001 ரோமன் வாலன்ட் யார்? 2012 பெலிவோ, 2013 குவின்ஸி, 2014 நோவா ரூபின் எல்லாம் என்ன ஆனார்கள்? பதினெட்டு வயதுக்குள் உலகத்திலேயே பெரிய புல்தரைப் போட்டியை ஜெயித்தவன் இருபத்தைந்து வயதில் கண்ணில் படவே மாட்டேன் என்கிறானே, ஏன்? பட்டத்துக்கு மதிப்பில்லையா, இல்லை நாம்தான் அதிகம் எதிர்பார்க்கிறோமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏஸ்ராஜா

மதிப்பெல்லாம் ஒன்றும் இல்லை. கோப்பை கொடுப்பார்கள், பரிசுப்பணம் கிடையாது. முடிந்தது.

அல்கராஸ் 2019-இல் ஜூனியர் விம்பிள்டனில் காலிறுதியோடு வீட்டுக்குப் போனவர். 2023-இல் ஜோகோவிச்சை வீழ்த்திப் பெரியவர்கள் பட்டத்தையே தூக்கினார். நடால் 2002-இல் சிறுவர் அரையிறுதியில் தோற்றார், அதோடு ஜூனியர் கிராண்ட்ஸ்லாம் பக்கமே வரவில்லை. பெக்கர் 1985-இல் பெரியவர்கள் பட்டம் ஜெயித்தபோது வயது 17. ஜூனியரில் ஆட வேண்டிய வயது அது. மெக்கன்ரோ 1977-இல் ஜூனியர் வயதில் தகுதிச் சுற்று ஆடி, பெரியவர்கள் அரையிறுதி வரை போய் கானர்ஸிடம் தோற்றார்.

நிஜமான ஆள் ஜூனியரில் நேரம் செலவழிக்க மாட்டான். அவ்வளவுதான் விஷயம்.

பேஸ்லைன்_பாலு

ராஜா தம்பி, விதிவிலக்குகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். பட்டியலை முழுதாகப் பார்ப்போம்.

போட்டி தொடங்கியது 1947. முதல் சாம்பியன் டென்மார்க்கின் குர்ட் நீல்சன். அவர் பிற்பாடு 1953, 1955 இரண்டு வருஷமும் பெரியவர்கள் இறுதிப்போட்டிக்குப் போனார். 2020 கொரோனாவில் போட்டி நடக்கவில்லை. இத்தனை வருஷத்தில் சிறுவர் பட்டம் ஜெயித்து, பிறகு பெரியவர்கள் ஒற்றையர் பட்டமும் ஜெயித்தவர்கள் நான்கே பேர்: போர்க் (1972 சிறுவர்), பாட் கேஷ் (1982), எட்பெர்க் (1983), ஃபெடரர் (1998). எட்பெர்க் 1983-இல் நான்கு ஜூனியர் கிராண்ட்ஸ்லாமையும் ஒரே வருஷத்தில் அள்ளினார். வேறு யாரும் அதைச் செய்ததில்லை.

லெண்டில் 1978 சிறுவர் சாம்பியன். பெரியவர்கள் பட்டம் கடைசி வரை கைக்கு எட்டவில்லை. 1986, 1987 இரண்டு இறுதியிலும் தோற்றார். 1987-இல் அவரைத் தோற்கடித்தது யார்? பாட் கேஷ். ஆக அந்த இறுதிப்போட்டியே இரண்டு பழைய ஜூனியர் சாம்பியன்கள் ஆடியதுதான்.

இன்னொரு வேடிக்கை. சிறுவர் இறுதியில் தோற்றவர்களைப் பாருங்கள். 1956-இல் ரான் ஹோம்பர்க்கிடம் தோற்ற பையன் பெயர் ராட் லேவர். 1954-இல் தோற்ற ஆஷ்லி கூப்பர் 1958-இல் பெரியவர்கள் சாம்பியன். பாட் கேஷ்கூட 1981 இறுதியில் மாட் ஆங்கரிடம் தோற்றுவிட்டு அடுத்த வருஷம் வந்து ஜெயித்தவர்தான். எண்ணிப் பார்த்தால் "ஜெயித்தவர்கள் காணாமல் போகிறார்கள்" என்பதைவிட, அந்த வாரம் இறுதிவரை வந்த இரண்டு பேரில் யார் மேலே போவார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை என்பதே சரியாகத் தெரிகிறது.

ஏஸ்ராஜா

அண்ணா, இத்தனை வருஷத்தில் நான்கு பேர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் சொன்னதும் அதுதானே?

பேஸ்லைன்_பாலு

பெரியவர்கள் பட்டமே அளவுகோல் என்றால் உலகத்தில் முக்கால்வாசி ஆட்டக்காரர்கள் தேறமாட்டார்கள். ஃபெடரர் ஒருவரே எட்டு வருஷப் பட்டத்தை அடைத்துக்கொண்டார். போர்க் ஐந்து. மற்றவர்களுக்கு இடம் எங்கே?

அளவுகோலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். 1996 சிறுவர் சாம்பியன் வோல்ட்ச்கோவ், பெலாரஸ்காரர், 2000-இல் தகுதிச் சுற்றிலிருந்து அரையிறுதி வரை போனார். டிமிட்ரோவ் 2014-இல் முர்ரேயை வீழ்த்தி அரையிறுதி. ஷபோவலோவ் 2021 அரையிறுதி, அதே வருஷம் 2010 சாம்பியன் ஃபுக்சோவிச் காலிறுதி. இரட்டையர் பக்கம் போனால் மெல்ஸர், மாஹூ, நம்ம பயஸ் மூவருமே பிற்பாடு விம்பிள்டன் இரட்டையர் ஜெயித்தவர்கள். மாஹூவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இஸ்னரிடம் 70-68 என்று ஐந்தாவது செட்டைத் தோற்ற அதே ஆள், 2000-இல் சிறுவர் சாம்பியன்.

சேஷாத்ரி_மயிலாப்பூர்

இவ்வளவு பேசிவிட்டீர்கள், நம் ஊர்க்காரர்களை ஒருவரும் எடுக்கவில்லையே. பாலு 1954-இல் தோற்ற கூப்பர் பெயரைச் சொன்னார், ஜெயித்தவர் பெயரை விட்டுவிட்டார்! ராமநாதன் கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். 1953 இறுதியில் இங்கிலாந்தின் பில்லி நைட்டிடம் தோற்றார். மறு வருஷம் திரும்பப் போய் கூப்பரை 6-2, 7-5 என்று தோற்கடித்தார். சிறுவர் விம்பிள்டன் ஜெயித்த முதல் ஆசியர் அவர்தான்.

அப்புறம் 1960-இலும் 1961-இலும் பெரியவர்கள் அரையிறுதி. முதல் வருஷம் நீல் ஃப்ரேசர், அடுத்த வருஷம் லேவர். இரண்டு பேருமே அந்தந்த வருஷச் சாம்பியன்கள். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் அனுப்பிவைத்தார். எமர்சனை! இதையும் "காணாமல் போனவர்" கணக்கில்தான் சேர்ப்பீர்களா தம்பி?

1979-இல் மகன் ரமேஷ். அந்த வருஷம் பிரெஞ்சு ஜூனியரையும் விம்பிள்டன் ஜூனியரையும் சேர்த்தே ஜெயித்தார். விம்பிள்டன் இறுதியில் டேவிட் சீக்லருக்கு எதிராக 6-0, 6-2. இரண்டு கேம்தான் விட்டுக்கொடுத்தார். களிமண்ணில் ஜெயித்த கையோடு புல்லிலும் ஜெயிப்பது எந்தக் காலத்திலும் லேசான காரியம் இல்லை. 1986-இல் பெரியவர்கள் காலிறுதி வரை போனார். அப்பாவும் பிள்ளையும் இருவருமே சிறுவர் விம்பிள்டன் சாம்பியன்கள் என்றால் இவர்கள் மட்டும்தான்.

இருவருடைய சர்வையும் நேரில் பார்த்தவன் நான். சர்வ் என்று சொன்னாலே சிரிப்பார்கள். வேகமே இருக்காது. ஆனால் பந்து மட்டைக்கு வந்த பிறகு நடப்பது வேறு. எதிராளி அடித்த வேகத்தையே வாங்கி, கோட்டுக்கு ஓர் அடி உள்ளே, அவன் எட்ட முடியாத இடத்தில் வைப்பார்கள். அரை வாலியெல்லாம் (பந்து தரையில் பட்ட கணமே எடுக்கிற அடி) ரொம்பச் சாதாரணமாக, ஏதோ கீழே விழுந்த சாவியை எடுக்கிற நிதானத்தில் எடுப்பார் சீனியர். புல்தரை அந்தக் கைக்குத்தான் பரிசு கொடுத்தது.

தென்காசி_தினேஷ்

சேஷாத்ரி சார், நன்றி. நீங்கள் சொன்ன கடைசி வரியில்தான் அடுத்த கேள்வி வருகிறது. இரண்டு கிருஷ்ணன்கள், 1990-இல் பயஸ். இந்தியாவுக்குச் சிறுவர் கிராண்ட்ஸ்லாமில் புல்தரையில் மட்டும் இவ்வளவு ராசி ஏன்? களிமண்ணில் ரமேஷைத் தவிர பெரிதாக யாரும் இல்லையே.

கோவை_கோச்

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன். புல்லில் ஆடியும் இருக்கிறேன். இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விம்பிள்டன் புல் 2001-லிருந்து முழுக்க ரை புல். அதற்கு முன்னால் ரை 70, ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய புல் 30 என்று கலந்து போட்டிருந்தார்கள். இப்போது 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். ரை புல் மிதியைத் தாங்கும், அடியில் மண் இறுகி இருக்கும், அதனால் பந்து முன்பைவிட எழும்புகிறது. கிருஷ்ணன் காலத்துப் புல்லில் பந்து எழும்பாமல் தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் மாதிரி சர்ரென்று ஓடும். இன்றைக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் களிமண்ணிலும் ஹார்ட் கோர்ட்டிலும் வளர்ந்த பிள்ளைக்கு இது அந்நிய தேசம்தான்.

இடுப்புக்கு மேல் எழும்புகிற பந்தைச் சுழற்றி அடித்துப் பழகிய பையனை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நிறையப் பேர் அப்படித்தான், உள்ளங்கையை மட்டைப் பிடிக்கு அடியில் திருப்பிப் பிடிக்கிற வெஸ்டர்ன் கிரிப். புல்லில் பந்து முழங்காலுக்கு வரும். அந்தப் பிடியில் அவ்வளவு கீழே மட்டை முகத்தைத் திறக்கவே முடியாது. ஒன்று வலையில் அடிப்பான், இல்லையென்றால் தூக்கிப் பின்சுவருக்கு அனுப்புவான். இதைச் சரிசெய்ய முழங்காலை மடக்க வேண்டும். வெறுமனே குனிந்தால் போதாது, பின்பக்கம் தரையை நோக்கி இறங்க வேண்டும். இரண்டு மணி நேரம் அப்படி ஆடினால் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது.

அடுத்தது கால். களிமண்ணில் சறுக்கி வந்து அடிப்பார்கள். புல்லில் சறுக்கினால் ஆள் மல்லாக்க விழுவான், அதுவும் முதல் வாரத்தில் புல் பச்சையாக ஈரமாக இருக்கும்போது. அங்கே சின்னச் சின்ன அடி வைத்து, நிற்பதற்கு மூன்று அடி முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஷூவின் அடியில் குட்டிக் குட்டி ரப்பர் முனைகள் இருக்கும், அதுவும் இவ்வளவு உயரம்தான் இருக்கலாம் என்று விதி உண்டு.

இங்கே ஜூனியர்களுக்கு ஒரு நல்லது நடக்கிறது. அவர்கள் போட்டி தொடங்குவது முதல் வாரத்தின் கடைசியில். அதற்குள் வெளிக் கோர்ட்களில் பேஸ்லைன் ஓரம் புல் தேய்ந்து மண் தெரிய ஆரம்பித்திருக்கும். கால் பிடிக்கும். ஆனால் அந்த மொட்டைத் திட்டில் பந்து ஒரு மாதிரி எழும்பும், இரண்டடி முன்னால் புல் இருக்கிற இடத்தில் வேறு மாதிரி. ஒரே ராலியில் இரண்டு விதம். இதற்கு உட்கார்ந்து திட்டம் போட முடியாது. கை தானாகச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

தினேஷ் கேட்டதற்கு இதிலேயே விடை இருக்கிறது. பழைய இந்திய ஆட்டம் முழுக்கக் கைதான். கல்கத்தா சவுத் கிளப் மாதிரி இடங்களில் புல்தரை இருந்தது, பெரிய போட்டிகள் அங்கே நடந்தன. பயஸ் கல்கத்தாப் பிள்ளை, பிறகு சென்னையில் பிரிட்டானியா அமிர்தராஜ் முகாமில் தேறினார். வலைக்கு ஓடுவது, பாதியில் வெட்டுவது, பந்தை மெதுவாக வைப்பது, இதெல்லாம் புல்லில் இரட்டிப்பு மதிப்பு. பிரெஞ்சு ஜூனியரில் அதே ஆட்டத்தை ஆடினால் எதிராளி ஐந்து மீட்டர் பின்னால் நின்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவான்.

அதனால் என் கருத்து: சிறுவர் விம்பிள்டன் பட்டம் ஒருவனுக்குக் கை இருக்கிறதா, புதிய தரைக்கு எவ்வளவு சீக்கிரம் பழகுகிறான் என்பதைக் காட்டும். வருஷத்தில் பதினொரு மாதம் வேறு தரையில் அவன் என்ன ஆவான் என்பதை அது காட்டவே காட்டாது. தொழில்முறை டென்னிஸ் அந்தப் பதினொரு மாதத்தில்தான் நடக்கிறது. ஜூனியர் ஆட்டம் மூன்று செட்தான், கிராண்ட்ஸ்லாமில் ஆண்களுக்கு ஐந்து செட். அது இன்னொரு கதை.

ஏஸ்ராஜா

கோச் சார், இது நியாயமான விளக்கம். ஆனால் இதே காரணத்தால்தான் நான் மதிப்பில்லை என்கிறேன். ஒரு வாரம் நல்ல சர்வ், கொஞ்சம் அதிர்ஷ்டம், டிராவில் நல்ல பக்கம். 2014-இல் ரூபின் தகுதிச் சுற்றிலிருந்து வந்து பட்டமே ஜெயித்தார். பிற்பாடு டென்னிஸை விட்டுப் பிக்கிள்பால் என்ற மட்டை ஆட்டத்துக்குப் போனார். 2021-இல் சமீர் பானர்ஜி சீடிங்கே இல்லாமல், அதாவது போட்டியின் முன்னணி ஆட்டக்காரர் பட்டியலில் இடமில்லாமல் வந்து ஜெயித்தார். அதற்கு முந்தைய மாதம் பிரெஞ்சு ஜூனியரில் முதல் சுற்றிலேயே வெளியே போனவர்.

பேஸ்லைன்_பாலு

பானர்ஜி அப்போது ஜூனியர் தரவரிசையில் 19. பட்டம் ஜெயித்த பிறகும் தொழில்முறைக்குத் தாவாமல் ஸ்டான்ஃபோர்டுக்குப் படிக்கப் போனார். என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலிலேயே புத்தியான முடிவு அது.

டொரண்டோ_மதி

பெலிவோ பெயரை மேலே பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2012-இல் இங்கே கனடாவில் ஒரே கொண்டாட்டம். சிறுமியர் பட்டம் யூஜெனி பூஷார், மறுநாள் சிறுவர் பட்டம் ஃபிலிப் பெலிவோ. ஒரே வருஷம், ஒரே புல், இரண்டும் கனடா. அதுவரை கனடாக்காரர் யாரும் ஒற்றையரில் எந்த ஜூனியர் கிராண்ட்ஸ்லாமும் ஜெயித்ததில்லை.

பூஷார் இரண்டே வருஷத்தில் பெண்கள் விம்பிள்டன் இறுதிக்குப் போனார். பெலிவோ? அந்த 2012-இல் நான்கு ஜூனியர் கிராண்ட்ஸ்லாம் இறுதிக்கும் போனவர் அவர். ஆஸ்திரேலியா, பிரெஞ்சு இரண்டிலும் தோல்வி, விம்பிள்டனும் அமெரிக்காவும் வெற்றி. ஜூனியர் உலக நம்பர் ஒன். இதற்கு மேல் ஒரு பையன் என்ன செய்ய வேண்டும்? ஆனால் பெரியவர்கள் தரவரிசையில் முதல் நூறுக்குள் வரவே இல்லை. 161 தான் அவருடைய உச்சம்.

ராஜா சொல்வது போல இது ஒரு வார அதிர்ஷ்டம் இல்லை. ஒரு வருஷம் முழுக்க, மூன்று தரையிலும், தன் வயதுப் பையன்கள் கிட்டத்தட்ட அத்தனை பேரையும் அடித்தவர். பிறகும் முடியவில்லை. ஆகவே கோச் சொன்ன புல்தரைக் காரணமும் இவருக்குப் பொருந்தாது.

எனக்குத் தோன்றுவது என்னவென்றால், பதினெட்டு வயதில் அவன் விளையாடுவது தன் வயதுக்காரனோடு. பத்தொன்பதில் ஏதோ ஒரு சின்ன ஊரில், ஐம்பது பேர் பார்க்கிற சேலஞ்சர் (இரண்டாம் நிலைத் தொழில்முறை) போட்டியில், முப்பது வயதுக்காரன் எதிரில் நிற்பான். அவனுக்கு அது வாடகைப் பணம். அவன் விட்டுக்கொடுக்க மாட்டான். பெலிவோ பெரிய உருவம் கிடையாது, வேகமான சர்வும் கிடையாது. ஜூனியரில் கால் வேகத்தாலும் பொறுமையாலும் ஜெயித்ததை அங்கே எல்லோருமே வைத்திருந்தார்கள். ஷபோவலோவிடம் இடது கை சர்வ், யாரையும் திணறடிக்கிற ஒற்றைக்கை பேக்ஹேண்ட் என்று கூடுதலாக ஒரு சரக்கு இருந்தது, தாண்டிவிட்டார்.

யாழ்_லண்டன்

வணக்கம். நான் விம்பிள்டனுக்குப் பக்கத்திலதான் இருக்கிறேன். இங்கே எல்லோரும் பட்டியலை வைத்துக் கதைக்கிறீர்கள், நேரில் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாம் வாரம் பின்னேரம் போனால் கிரவுண்ட் டிக்கெட் இலகுவாகக் கிடைக்கும். சென்டர் கோர்ட் பக்கம் போகாமல் வெளிக் கோர்ட்டுகளுக்குப் போங்கோ. ஜூனியர் ஆட்டம் நடக்கிற கோர்ட்டில வேலியோடு ஒட்டி நிற்கலாம். பெடியனுக்கும் உங்களுக்கும் நடுவில ஒரு ஆள் படுக்கிற தூரம்கூட இராது. முதலில் உங்களுக்குப் பிடிபடுவது சத்தம். ஹார்ட் கோர்ட்டில கேட்கிற கிரீச் சத்தம் அறவே இல்லை. பந்து விழுகிற சத்தமும் மெத்தென்று அமுங்கித்தான் கேட்கும். மட்டையில படுகிற சத்தம் மட்டும் தனியாக, வெடிப்பது போல.

அடுத்தது அவர்களுடைய முகம். தொலைக்காட்சியில பெரியவர்கள் தோற்றால் முகத்தை மறைக்கத் தெரியும். இவர்களுக்குத் தெரியாது. ஒரு பிழையான ஷாட் அடித்ததும் நேராகப் பயிற்சியாளரையோ அம்மாவையோ திரும்பிப் பார்ப்பான். மேலிருந்து கீழ் வரை வெள்ளை உடுப்பு, அந்த வெள்ளையில முழங்காலில மட்டும் பச்சைக் கறை. எத்தனை தரம் விழுந்தான் என்று அதைப் பார்த்தே சொல்லலாம்.

மழை வந்தால் முதலில் தள்ளிப் போவது ஜூனியர்தான். பிறகு ஒரே நாளில ஒற்றையர், இரட்டையர் எல்லாம் ஆடச் சொல்லுவார்கள். 2018 அரையிறுதியில டிரேப்பர் கொலம்பியாப் பெடியன் மெஹியாவோடு மூன்றாவது செட்டை 19-17 என்று முடித்தார். அப்போது கடைசி செட்டில டைபிரேக்கர் கிடையாது. அடுத்த நாள் இறுதியில தைவானின் செங் சுன்-சின்னிடம் தோற்றுப்போனார். தோற்ற டிரேப்பர் 2024 அமெரிக்க ஓப்பன் அரையிறுதி வரை போனார், பிறகு உலகின் முதல் ஐந்துக்குள் வந்தார்.

2023-இல ஹென்றி சேர்ல் ஜெயித்தபோது இங்கே சனம் கத்தின கத்து! வுல்வர்ஹாம்ப்டன் பெடியன், இடது கை, நல்ல உயரம். பிரித்தானியருக்கு 1962-க்குப் பிறகு அதுதான் முதல் சிறுவர் பட்டம். 1962-இல ஜெயித்தவர் ஸ்டான்லி மத்தியூஸ், கால்பந்து வீரர் சேர் ஸ்டான்லி மத்தியூஸின் மகன்.

தென்காசி_தினேஷ்

செங் பற்றி ஒரு செய்தி படித்த ஞாபகம். பெற்றோர் தைவானில் இரவுச் சந்தையில் குச்சியில் கோத்த சர்க்கரைப் பழம் விற்றவர்கள் இல்லையா?

யாழ்_லண்டன்

ஓம், அவர்தான். அதே வருஷம் பிரெஞ்சு ஜூனியரும் அவருக்குத்தான். ரமேஷ் கிருஷ்ணன் 1979-இல செய்தது மாதிரியே. பெரியவர்கள் தரவரிசையில முதல் நூறுக்குள் வந்தார், அதற்கு மேல் பெரிதாக ஏறவில்லை.

ஏஸ்ராஜா

நடாலும் ஃபெடரரும் இதே வயதில் மோதியிருந்தால்...

நிர்வாகி

ராஜா, அதற்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கெனவே நானூறு பக்கம். இங்கே வேண்டாம்.

வித்யா_ஈரோடு

என் மகன் ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) ஜூனியர் போட்டிகள் ஆடுகிறான். பெற்றோர் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சொல்லலாமா?

மதிப்பில்லை என்று ராஜா தம்பி சுலபமாகச் சொல்லிவிட்டார். பரிசுப்பணம் இல்லை என்பது உண்மை. ஆனால் சிறுவர் கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தால் 1000 ஜூனியர் புள்ளி. ஆண்டுக் கடைசியில் ஜூனியர் தரவரிசையில் முதல் 20-க்குள் இருந்தால் இப்போது சேலஞ்சர் போட்டிகளில் நேராக இடம் தருகிறார்கள். அந்த இடத்துக்கு வராதவன் சின்னப் போட்டிகளில் ஒவ்வொரு புள்ளியாகப் பொறுக்கி, ஊர் ஊராகச் சுற்றி, மேலே வர வேண்டும். விமானம், தங்குமிடம், கூட ஒரு ஆள், மட்டைக்கு நரம்பு போடும் செலவு. நான் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன், எழுதினால் தூக்கம் வராது. சேர்ல் ஜெயித்ததற்கு அடுத்த வருஷம் விம்பிள்டன் பெரியவர்கள் பிரிவில் வைல்ட்கார்டு (தரவரிசை பார்க்காமல் தருகிற நேரடி இடம்) கொடுத்தார்கள். முதல் சுற்றில் தோற்றாலும் அந்தப் பணம் ஒரு வருஷப் பயணச் செலவு.

அப்புறம் புல்தரை. பிரெஞ்சு ஓப்பன் ஜூன் முதல் பாதியில் முடிகிறது. ஜூனியர்களுக்கு அதன் பிறகு லண்டன் ரோஹாம்ப்டன் மாதிரி ஒன்றிரண்டு புல்தரைப் போட்டிகள், அவ்வளவுதான் பயிற்சி. ஐரோப்பியப் பிள்ளைகளுக்கே அவ்வளவுதான் என்றால் நம் பிள்ளைகள்? எங்கள் பக்கத்தில் ஒரு கிளப்பில் நல்ல புல் கோர்ட் இருக்கிறது. உறுப்பினர் பிள்ளை இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். காலை ஆறு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போகிறோம், காசு கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை. அந்தக் கோர்ட்டில் சாயங்காலம் நாற்காலி போட்டுக் காபி குடிக்கிறார்கள்.

கிருஷ்ணன் வந்தார், பயஸ் வந்தார் என்று சொல்கிறோம். அவர்கள் புல்லைத் தொட்டுப் பழகியவர்கள். இன்றைய பையன் விம்பிள்டன் போய்த்தான் முதல் தடவை புல்லை மிதிக்கிறான் என்றால் என்ன ராசி வேலை செய்யும்?

சேஷாத்ரி_மயிலாப்பூர்

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. இந்தியாவில் டேவிஸ் கோப்பை என்றால் பல தடவை புல்லைத் தேடிப் பிடித்து ஆட்டத்தை அங்கே வைத்திருக்கிறோம். 2019-இல் இத்தாலியைக் கல்கத்தா சவுத் கிளப்புக்குக் கூப்பிட்டோம், தோற்றோம். 2022-இல் டென்மார்க்கை டெல்லி ஜிம்கானா புல்லுக்குக் கூப்பிட்டு 4-0 என்று அனுப்பினோம். எதிராளியைத் திணறடிக்கப் புல் வேண்டும், நம் பிள்ளைகள் பழக மட்டும் புல் கிடையாது. என்ன நியாயம் இது?

பழக்கம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நியூபோர்ட் போட்டியைப் பாருங்கள். அதுவும் புல்தரைதான். விஜய் அமிர்தராஜ் அங்கே பட்டம் வென்றவர். பயஸ் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே ஏடிபி (ஆண்கள் தொழில்முறைச் சுற்று) ஒற்றையர் பட்டம் 1998 நியூபோர்ட். 2018-இல் சென்னைப் பையன் ராம்குமார் ராமநாதன் அங்கே இறுதி வரை போய் ஸ்டீவ் ஜான்சனிடம் மூன்று செட்டில் தோற்றார். 1987 டேவிஸ் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவைச் சிட்னியில், அவர்களுடைய சொந்தப் புல்லில், ரமேஷ் கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை வீழ்த்தித்தான் இந்தியா இறுதிக்குப் போனது. எட்டு வருஷத்துக்கு முன்னால் சிறுவர் விம்பிள்டனில் கற்ற பாடம் அங்கே உதவவில்லை என்று யார் சொல்ல முடியும்?

பேஸ்லைன்_பாலு

2022-லிருந்து விம்பிள்டனில் 14 வயதுக்குட்பட்டோருக்கும் தனியாகப் போட்டி வைக்கிறார்கள். முன்கூட்டியே புல்லைக் காட்டிவிட வேண்டும் என்ற எண்ணம்தான். நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அது எட்டுகிறது என்பது வித்யா மேடம் சொன்ன இடத்தில்தான் வந்து நிற்கிறது.

ஏஸ்ராஜா

சரி, வித்யா அக்கா சொன்ன வைல்ட்கார்டு, புள்ளி விவகாரத்தை ஒத்துக்கொள்கிறேன், அந்த வகையில் பட்டம் ஒரு நுழைவுச்சீட்டு. ஆனால் ரசிகனாக எனக்கு அந்தப் பட்டம் யார் பெரிய ஆள் ஆவார் என்று சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. இவானோவை ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கலாம்.

டொரண்டோ_மதி

இவானோவ் அதே 2025-இல் அமெரிக்க ஓப்பன் ஜூனியரையும் ஜெயித்திருக்கிறார். பெலிவோ ஜெயித்த அதே ஜோடி. பயமாக இருக்கிறது!

வித்யா_ஈரோடு

கோச் சார், ஒரு உதவி. புல் கோர்ட் கிடைக்கவில்லை. சிமெண்ட் தரையில் வைத்தே தாழ்ந்த பந்துக்குப் பையனைப் பழக்க ஏதாவது வழி இருக்கிறதா? வயது 15, வலது கை, இரண்டு கை பேக்ஹேண்ட், ஃபோர்ஹேண்டுக்கு நீங்கள் சொன்ன அதே வெஸ்டர்ன் பிடி.

கோவை_கோச்

இருக்கிறது மேடம். முழுசாகப் புல் ஆகாது, ஆனால் பாதி வேலை முடியும்.

புதுப் பந்தை எடுக்காதீர்கள். நன்றாக அடிபட்டு ரோமம் போன பழைய பந்துகளை ஒரு கூடை சேர்த்து வையுங்கள். சிமெண்டில் அவை வழுக்கிக்கொண்டு வரும். நீங்களோ வேறு ஒருவரோ சர்வீஸ் கோட்டில் நின்று, கையால் வேண்டாம், மட்டையால் ஸ்லைஸ் வெட்டி அவன் காலடிக்கு அனுப்புங்கள். அவன் பேஸ்லைனுக்கு உள்ளே நிற்க வேண்டும், பின்னால் ஓர் அடிகூடப் போகக் கூடாது. மட்டையைப் பின்னால் இழுப்பதைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் பத்துக்கு ஏழு வலையில்தான் போகும். திட்டாதீர்கள்.

பிடியை ஒரேயடியாக மாற்ற வேண்டாம், 15 வயதில் அது ஆபத்து. தாழ்ந்த பந்துக்கு மட்டும் கொஞ்சம் திருப்பி, செமி வெஸ்டர்னுக்கு வரட்டும். பேக்ஹேண்ட் பக்கம் ஒற்றைக் கை ஸ்லைஸ் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு கை பேக்ஹேண்டை வைத்துக்கொண்டு புல்லில் முழங்காலுக்குக் கீழே எட்டி எடுப்பது பெரும்பாடு. சர்வில் பக்கவாட்டில் வெட்டி அகலமாகப் போகிற பந்து, அடித்த உடனே இரண்டு அடி முன்னால், ஒரு வாலி. இந்த மூன்றையும் சேர்த்து ஒரே தொடராக தினமும் இருபது முறை.

சறுக்கி நிற்கிற பழக்கம் இருந்தால் வெறும் மைதானத்துப் புல்லில், பந்தே இல்லாமல், நிழல் ஆட்டம் ஆடச் சொல்லுங்கள். காலையில் பனி இருக்கும்போது செய்தால் நல்லது. விழுவான், பரவாயில்லை. கால்பந்து மைதானம் எதுவாக இருந்தாலும் போதும், அதற்கு யாரிடமும் உறுப்பினர் அட்டை கேட்க வேண்டியதில்லை.

பையன் சர்வ் போடுவதை ஒரு வீடியோ எடுத்து இங்கேயே போடுங்கள், பக்கவாட்டிலிருந்து எடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.